எல்இடி ஸ்ட்ரிப்புக்கு நானோவா, ஈஎஸ்பி32-ஆ?

செல்லூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டி, வெளிச்சத்த கூட்டி குறைக்க மொதல்ல ஆர்டுயினோ நானோல பண்ணேன், அப்பறம் ஈஎஸ்பி32-க்கு மாறுனேன் (ரெண்டுமே புரோகிராம் போட்டு ஓட்டுற சின்ன கன்ட்ரோலர் போர்டு), ரெண்டுலயும் பட்டதத்தான் சொல்றேன்.

நானோ ரொம்ப சாது. ஒரு குமிழ், ஒரு மாஸ்ஃபெட் (ஸ்ட்ரிப்போட கரண்ட சுவிட்சு மாதிரி திறந்து மூடுற டிரான்சிஸ்டர்), அத திறக்கச் சொல்ற காலான கேட்டுக்கு 220 ஓம் ரெசிஸ்டர், கேட்லருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம், அம்புட்டுதேன். பின்ல 5 வோல்ட் வர்றதால ஐஆர்எல்இசட்44என்ங்கிற மாஸ்ஃபெட் நல்லாவே திறக்கும் (ஐஆர்எஃப்இசட்44என் வாங்கிறாதீங்கப்பா, அது முழுசா திறக்க கேட்ல 10 வோல்ட் கேக்கும், நான் தெரியாம போட்டு விரல சுட்டுக்கிட்டேன்). ஆனா வெளிச்ச அளவு குடுக்குற அனலாக்ரைட் கட்டளைல 0லருந்து 255 வரைக்கும்தான், ராத்திரி ரொம்ப மங்கலா வெக்கிறப்ப 1லருந்து 2க்கு டக்குன்னு தாவுறது கண்ணுல குத்தும். முக்காவாசி பின்ல பிடபிள்யூஎம் (லைட்ட வேகமா போட்டு போட்டு அணைச்சு வெளிச்சத்த குறைக்கிறது) 490 ஹெர்ட்ஸ் வேற, போன்ல வீடியோ எடுத்தா கோடு கோடா ஓடும்.

ஈஎஸ்பி32-ல 5 கிலோஹெர்ட்ஸ்ல 13 பிட் கிடைக்கும், அதாவது 8192 படி, மங்குறதே தெரியாம மங்கும். வைஃபையும் இருக்கு, எங்கம்மா கீழ இருந்துக்கிட்டே போன்ல அணைச்சுட்டு "தூங்குடா"ன்னு சத்தம் போடுறாங்க.

சிக்கல் என்னன்னா பின்ல 3.3 வோல்ட்தான், அதே மாஸ்ஃபெட் அரைகுறையா திறந்து சூடாகுது, நடுவுல ஒரு கேட் டிரைவர் (கேட்டுக்கு வேணுங்கிற வோல்ட்ட ஏத்திக் குடுக்குற சிப்) போட்டப்பறம்தான் சரியாச்சு. கரண்ட் போயி வந்தா ரவுட்டர் எந்திரிக்க நேரமாகும், அதனால சுவத்துல ஒரு சுவிட்சும் வெச்சுக்கங்க.

ஒரே லைட்டு, குமிழ் போதும்னா நானோவே தாராளம். நான் ஈஎஸ்பிலயே இருந்துட்டேன். 230 வோல்ட் பல்ப மட்டும் இந்த சர்க்யூட்ல மாட்டிறாதீங்க, அது வேற கதை.