ரிசப்ஷனுக்கு கீத்துப் பந்தலா, வாடகை ஷீட் பந்தலா?

வீட்டு வாசல்லயோ அறுத்து முடிச்ச வயல்லயோ ரிசப்ஷன் வைக்கிறவங்க நெறைய பேரு இந்த ரெண்டுல எதுன்னு கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

செலவு
கீத்து: மூங்கில், கயிறு, கட்டுற ஆள் கூலின்னு தனித்தனியா போகும். சொந்தத் தோப்பு இருந்தா லாபம்.
ஷீட்: சேர், லைட், மேடை எல்லாம் ஒரே ஆள்கிட்ட பேசி முடிச்சிடலாம்.

வெயில்
கீத்து: வைகாசி முகூர்த்தத்துக்கு இதான் சுகம்.
ஷீட்: பகல்ல கொதிக்கும், சாயங்காலம்னா பரவால்ல.

மழை
ஐப்பசின்னா யோசிக்கவே வேணாம், ஷீட்தான். ஆனா மேல ஒழுகலன்னாலும் நம்ம டெல்டா களிமண்ணு கீழ சகதியாயிடும், அதனால சுத்தி வாய்க்கா வெட்டி பந்தி போடுற எடத்துல பலகை அடிக்கச் சொல்லுங்க, பெரியவங்க வழுக்கி விழுந்துட்டா என்ன பண்றது.

தீ
இதத்தான் முதல்ல பாக்கணும். 2004 ஜனவரில ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல கீத்துப் பந்தல் பத்திக்கிட்டு மாப்பிள்ளையோட சேத்து 50 பேருக்கு மேல செத்துப் போனாங்க. ரிசப்ஷன்னாலே சீரியல் லைட், வீடியோ லைட், ஜெனரேட்டர்னு ஒயரா ஓடும், அது மேல காஞ்ச ஓலைன்னா எனக்கு மனசு ஒப்பல. ஷீட்லயும் உள்ள கட்டுற அலங்காரத் துணி பத்தும், ரெண்டு பக்கம் வழி விடுங்க, அடுப்ப தள்ளிப் போடுங்க.

பகல்ல தாலி கட்டுறதுக்கு வாசல்ல சின்னதா கீத்து போடுங்க, ராத்திரி ரிசப்ஷனுக்கு ஷீட்டே போட்டுடுங்க.