எச்சரிக்கை: "குடும்ப வடிசாலை" பர்பன் என்று சொல்லி 560 டாலரைக் கறந்துவிட்டார்கள்

டல்லாஸ் பக்கம் இருக்கிறவர்கள், பர்பன் (மக்காச்சோளம் அதிகம் போட்டுக் காய்ச்சுகிற அமெரிக்க விஸ்கி) வாங்குகிற பழக்கம் உள்ளவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பாட்டில், ஒன்று 140 வீதம் 560 டாலர், வரி தனி. புகார் கொடுக்கப்போவதால் கடைப் பெயரையும் பிராண்டு பெயரையும் இங்கே போடவில்லை. ஹைவே ஓரத்துப் பெரிய மதுக்கடை. அபூர்வ பாட்டில்களுக்கென்று கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, அதைக் காட்டுவதற்கென்றே ஓர் ஆள், அந்த ரகம்.

கோயம்புத்தூரிலிருந்து மச்சான் வந்திருக்கிறார். ஜிம் பீம் மாதிரி எங்கும் கிடைக்கிறது வேண்டாம், பர்பனுக்குப் பேர்போன கெண்டக்கி மாநிலத்தில் ஏதாவது சின்னக் குடும்பம் தானே காய்ச்சுகிற சரக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஊருக்கு இரண்டு (இந்தியக் கஸ்டம்ஸில் தலைக்கு 2 லிட்டர்தான்), இங்கே நண்பர்களுக்கு இரண்டு என்று கணக்கு. இதை அப்படியே அந்த ஆளிடம் சொன்னேன்.

அவர் பூட்டைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தார். கனமான கண்ணாடி, மெழுகு முத்திரை, லேபிளில் தாடி வைத்த கிழவர் படம். மதுவிலக்குக் காலத்தில் கொள்ளுத்தாத்தா ஒளித்துவைத்த செய்முறையாம், பேரப்பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்து மறுபடி காய்ச்சுகிறார்களாம். எங்கே காய்ச்சுகிறார்கள் என்று கேட்டேன். "லாரன்ஸ்பர்க்" என்றார், கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை. கெண்டக்கி லாரன்ஸ்பர்க்கில்தான் வைல்டு டர்க்கி, ஃபோர் ரோசஸ் என்கிற பேர்பெற்ற பர்பன் ஆலைகள் இருக்கின்றன, பர்பன் குடிக்கிற எல்லாருக்கும் தெரிந்த ஊர். பிளாஸ்டிக் கோப்பையில் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தார். மச்சான் தோளைத் தட்டி, "இவர் ஊருக்கு நிஜமான கெண்டக்கியை எடுத்துக்கொண்டு போகப்போகிறார்" என்றார். மச்சான் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கார்டைத் தேய்த்தேன்.

சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்த நண்பர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம், கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது என்கிற அரசாங்க எச்சரிக்கைக்கும் கீழே, பார்கோடை ஒட்டி, பழுப்புத் தாளில் பழுப்பு மையில் ஒரு வரி: "டிஸ்டில்ட் இன் இண்டியானா", அதாவது வடித்தது இண்டியானா மாநிலத்தில். இண்டியானாவிலும் ஒரு லாரன்ஸ்பர்க் இருக்கிறது, ஓஹியோ ஆற்றங்கரையில். அங்கே இருப்பது முன்பு சீகிராம் கம்பெனி நடத்திய மாபெரும் ஆலை. 2011 முதல் எம்ஜிபி என்கிற கம்பெனி கையில் இருக்கிறது, 2021இல் ராஸ் அண்ட் ஸ்குவிப் என்று பெயர் வைத்தார்கள். சொந்தமாகக் காய்ச்சாத எத்தனையோ பிராண்டுகளுக்குப் பீப்பாய் பீப்பாயாக விஸ்கி விற்கிற இடம் அது.

அதற்கப்புறம் தூக்கம் ஏது. அந்த பிராண்டின் இணையதளத்தில் கொள்ளுத்தாத்தா செய்முறை என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள்: மக்காச்சோளம் 75 சதவீதம், ரை என்கிற தானியம் 21, முளைகட்டிய பார்லி 4. எம்ஜிபி யார் கேட்டாலும் விற்கிற வழக்கமான இரண்டு பர்பன் கலவைகளில் ஒன்று அச்சு அசலாக இதேதான் (இன்னொன்று 60, 36, 4). பீப்பாயில் 8 வருடம் ஊறியது என்று பாட்டிலில் இருக்கிறது, கம்பெனி பதிவானதே 5 வருடத்துக்கு முன்னால்தான். மதுபான வரித்துறையான டிடிபியின் லேபிள் அனுமதிப் பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. அதில் பிராண்டு பெயரைப் போட்டேன். அனுமதி வாங்கியிருப்பது ஒரு பாட்டிலிங் கம்பெனி. அதே அனுமதி எண்ணைப் போட்டுத் தேடினால் வரிசையாக வேறு வேறு பிராண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு "டிஸ்டில்லிங் கம்பெனி" பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாத்தா.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எம்ஜிபி சரக்கில் எந்தக் குறையும் இல்லை, அருமையாகக் காய்ச்சுகிறார்கள். அவர்களுடைய சொந்த பிராண்டான ஜார்ஜ் ரீமஸ் அதே கடையில், நாலு அலமாரி தள்ளி, 45 டாலருக்கு நிற்கிறது. வெளியே வாங்கி பாட்டிலில் அடைப்பதும் தப்பில்லை, அதை மறைக்காமல் சொல்லி விற்கிற நேர்மையான கம்பெனிகள் உண்டு. எனக்கு விற்றது பொய். பாட்டிலுக்குக் கிட்டத்தட்ட நூறு டாலர் அந்தத் தாத்தாவுக்கு!

ஞாயிற்றுக்கிழமை டெக்சஸில் மதுக்கடை கிடையாது. திங்கள் காலை திறக்காத மூன்று பாட்டிலையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போனேன். கல்லாவில் இருந்த பெண், "மது திரும்ப எடுப்பதில்லை, பில் பின்னாலேயே போட்டிருக்கிறது" என்றார். மேனேஜர் வெளியே போயிருக்கிறார். அலமாரி ஆள் அன்றைக்கு லீவ். பிறகு போனில் பிடித்தால், "நான் லாரன்ஸ்பர்க் என்றுதானே சொன்னேன், கெண்டக்கி என்று சொல்லவில்லையே" என்கிறார். மச்சான் தோளைத் தட்டிச் சொன்னதை மறந்துவிட்டாராம். மேனேஜர் கடைசியில் வந்து, லேபிளுக்கு நாங்கள் பொறுப்பில்லை, டிஸ்ட்ரிபியூட்டரைக் கேளுங்கள் என்றார். டிஸ்ட்ரிபியூட்டர், நாங்கள் கடைகளுக்கு மட்டும்தான் பதில் சொல்வோம், பிராண்டைக் கேளுங்கள் என்றார். இந்த நாட்டில் தயாரிப்பாளர், டிஸ்ட்ரிபியூட்டர், கடை என்று மூன்று அடுக்காகச் சட்டம் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொருவனும் அடுத்தவனைக் கைகாட்டத் தோதாக. பிராண்டிலிருந்து வந்த ஈமெயிலில், "பாரம்பரியம் மிக்க இண்டியானா பங்குதாரருடன் இணைந்து எங்கள் குடும்பக் கனவை நனவாக்குகிறோம்" என்று இருந்தது. கேட்ட கேள்வி யார் காய்ச்சியது, கொடுத்த காசு 560 டாலர். இரண்டுக்கும் அதில் பதில் இல்லை.

இது புதுசும் இல்லை. ஐயோவா மாநிலச் சரக்கு என்று பேர் வாங்கிய டெம்பிள்டன் ரை என்கிற விஸ்கி இதே இண்டியானா ஆலையிலிருந்து வந்தது என்று வழக்குப் போட்டு, 2015இல் சமரசமாகி, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் இந்த ஆட்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பாருங்கள். "டிஸ்டில்ட் பை" (வடித்தவர் இன்னார்) என்று இருக்கிறதா? "பாட்டில்ட் பை" (பாட்டிலில் அடைத்தவர்), "புரொட்யூஸ்ட் பை" (தயாரித்தவர்) என்றால் அவர்களே காய்ச்சியது என்று நம்பாதீர்கள். முகவரி கெண்டக்கி, ஆனால் லேபிளில் "கெண்டக்கி ஸ்ட்ரெய்ட் பர்பன்" என்று இல்லாமல் வெறும் "ஸ்ட்ரெய்ட் பர்பன்" என்று இருந்தால் பாட்டிலைத் திருப்புங்கள். வேறு மாநிலத்தில் வடித்திருந்தால் அந்த மாநிலத்தின் பெயரைப் போட்டே ஆகவேண்டும், எங்கேயாவது பொடி எழுத்தில் இருக்கும். "பாட்டில்ட் இன் பாண்ட்" (ஒரே ஆலையில் வடித்து அரசாங்க விதிப்படி அடைத்தது) என்றால் வடித்த ஆலையின் எண் லேபிளில் இருக்கும், அதை வைத்துத் தேடிப் பிடித்துவிடலாம். "ஸ்மால் பேட்ச்" (சின்ன அளவில் செய்தது) என்பதற்குச் சட்டத்தில் அர்த்தமே இல்லை. காசு கொடுப்பதற்கு முன்னால் போனில் பாருங்கள், கொடுத்த பிறகு ஒருவனும் பேசமாட்டான்.

மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு நுகர்வோர் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். பில், லேபிள் போட்டோ, ஈமெயில் எல்லாம் சேர்த்து அனுப்புகிறேன். தாடிக் கிழவர் படம் போட்ட பாட்டிலை இந்தப் பக்கம் வேறு யாராவது வாங்கியிருந்தால் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்குத் தகவல் அனுப்புங்கள். நாலைந்து பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் தட்டிக்கழிக்க முடியாது. 560 டாலரை விடுவதாக இல்லை.