தண்டர்போல்ட் 5 எஸ்எஸ்டி: மூன்று மாத அனுபவம்

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குத் தொழில். சாலிகிராமத்தில் ஒரு சின்ன அறை, எம்4 புரோ சிப் உள்ள மேக் மினி, அவ்வளவுதான். ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்ந்தால் 400 ஜிபி தாண்டிவிடும். அதற்காகத்தான் தண்டர்போல்ட் 5 எஸ்எஸ்டி வாங்கினேன். எஸ்எஸ்டி என்பது ஃபைல்களைச் சேமிக்கும் வேகமான டிரைவ், அதைக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைக்கும் அதிவேக முறைதான் தண்டர்போல்ட், 5 என்பது அதன் பதிப்பு.

முதல் நாளே ஏமாந்தேன். பெட்டியில் வந்த கேபிள் மேசைக்குக் குட்டையாக இருந்ததால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் நீளமாக ஒன்று கேட்டேன். "சி டைப்னா எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டி, 400 ஜிபியை காப்பி போட்டால் மூன்று மணி நேரம் ஆகும் என்று காட்டுகிறது! டிரைவ்தான் கெட்டுப்போச்சு என்று நினைத்துவிட்டேன். அப்புறம் பெட்டியில் வந்த குட்டைக் கேபிளை மாட்டினேன், நாலே நிமிடத்தில் முடிந்தது. நான் வாங்கி வந்தது வெறும் சார்ஜிங் கேபிள், யூஎஸ்பி 2 வேகம், அதாவது நொடிக்கு 480 மெகாபிட்தான்.

சி டைப் என்பது முனையின் வடிவம் மட்டும். உள்ளே ஓடுவது வேறு வேறு. 2011-இல் தண்டர்போல்ட் வந்தபோது வேகம் நொடிக்கு 10 கிகாபிட், முனையும் வேறு. 2015-இல் அறிவித்த மூன்றாவது பதிப்புதான் சி டைப்புக்கு மாறியது, வேகமும் 40 ஆனது. இப்போது ஐந்தாவதில் டேட்டா போகும்போதும் வரும்போதும் 80, பெரிய மானிட்டர்களுக்குத் தேவைப்பட்டால் கம்ப்யூட்டரிலிருந்து போகும் திசையில் மட்டும் 120 வரை போகும். இதெல்லாம் பிட் கணக்கு, ஜிபியில் பார்க்க எட்டால் வகுக்க வேண்டும்.

எனக்கு உண்மையான லாபம் காப்பி வேகத்தில் இல்லை. கேமரா கார்டிலிருந்து இறக்கும்போது கார்டின் வேகம்தான் வரும், அதில் மாற்றமே கிடையாது. ஆனால் 4கே காட்சிகளை டிரைவில் வைத்தபடியே எடிட் செய்ய முடிகிறது, மூன்று கேமரா டிராக்கை ஒன்றாக ஓட்டினாலும் தாலி கட்டும் இடத்தில் முன்னும் பின்னும் இழுத்தாலும் தடுமாறவில்லை. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

குறை என்றால் சூடு. சித்திரை வெயிலில் மதியம் ஏசி இல்லாமல் பெரிய ஃபைல்களை ஏற்றினால் அலுமினிய உடம்பில் கை வைக்க முடியவில்லை, வேகமும் பாதியாக இறங்கியது. இப்போது டேபிள் ஃபேனுக்கு நேராக வைத்திருக்கிறேன்.

உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது தண்டர்போல்ட் 4 என்றால் இந்த டிரைவ் வேலை செய்யும், ஆனால் 40-க்கு மேல் போகாது, அதற்கு 40 கிகாபிட் டிரைவே போதும், விலையும் குறைவு. தனியாகக் கேபிள் வாங்குகிறவர்கள் கடையிலேயே முனையைத் திருப்பிப் பாருங்கள், மின்னல் குறியும் பக்கத்தில் 5 என்ற எண்ணும் இருக்க வேண்டும்.