சிஎஸ்எஸ் ஹாக்குகளோடு பல வருடம் குடித்தனம் நடத்திய அனுபவம்

பிரவுசருக்குப் பிரவுசர் தனியாக சிஎஸ்எஸ் (வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) எழுதும் ஹாக்குகளை, அதாவது குறுக்குவழிகளை, எப்படி எழுதுவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எழுதி வைத்துவிட்டுப் போன பிறகு அந்தத் தளத்தை வருடக்கணக்காகக் கட்டி மேய்ப்பவனின் பாடு என்ன என்று சொல்லத்தான் ஆள் குறைவு, அதனால் இது.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாதான், ஆனால் கடைத்தெருவில் தமிழ்தான் ஓடும். பால் சங்கம், கல்யாண மண்டபம், விதைக்கடை, டிராவல்ஸ் என்று சின்னச் சின்னத் தளங்கள், எல்லாமே தமிழ், மலையாளம் இரண்டிலும். பெரும்பாலானவை நான் உருவாக்கியவை அல்ல, வேறு யாரோ செய்து, நடுவில் விட்டுப்போய், கடைசியில் என் கைக்கு வந்தவை. அதனால் ஒவ்வொரு ஸ்டைல்ஷீட்டிலும் (சிஎஸ்எஸ் கோப்பிலும்) யாரோ ஒருவருடைய ஹாக் உட்கார்ந்திருக்கும்.

அதில் என்னை அதிகம் படுத்தியது ஒரு பால் சங்கத்தின் கணக்குப் பக்கம். லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), ரேட், தொகை என்று நெடுவரிசைகள் நிறைய. திரையில் அடங்கவில்லை. முன்பு செய்தவர் பாடி முழுவதற்கும், அதாவது பக்கம் மொத்தத்துக்கும், சூம் 0.8 (எண்பது சதவீத அளவு) என்று போட்டுவிட்டார். குரோமில் அடங்கியது. ஃபயர்ஃபாக்ஸுக்கு அப்போது சூம் என்றால் என்னவென்றே தெரியாது, அதனால் அடுத்த வரியிலேயே மோஸ் டிரான்ஸ்ஃபார்ம் (அளவை மாற்ற ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் படிக்கும் வரி) போட்டு, ஸ்கேல் 0.8. குரோம் இரண்டாவது வரியைக் கண்டுகொள்ளாது, ஃபயர்ஃபாக்ஸ் முதல் வரியைக் கண்டுகொள்ளாது, ஆளுக்கொரு வரி. அந்தக் காலத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2024 மே மாதம் ஃபயர்ஃபாக்ஸ் 126 வந்தது. அதில் சூம் வேலை செய்ய ஆரம்பித்தது. மோஸ் டிரான்ஸ்ஃபார்மையும் அது விடவில்லை, பழையபடி ஏற்றுக்கொண்டது. விளைவு, 0.8ஐ 0.8ஆல் பெருக்கி 0.64. பதினான்கு பிக்சல் எழுத்து ஒன்பது பிக்சலுக்கு வந்துவிட்டது. மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, மலையாளக் கூட்டெழுத்தைக் கேட்கவே வேண்டாம். சங்கத்துக் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸும் ஃபயர்ஃபாக்ஸும்தான் (இங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸிலேயே பழகுகிறார்கள், அதனால் இது ஒன்றும் அதிசயமில்லை). செயலாளர் போன் செய்தார்: "தம்பி, எனக்குத்தான் கண்ணாடி மாத்தணும்னு நினைச்சேன். பால் ஊத்த வர்றவங்க எல்லாருக்கும் அப்படித்தான் இருக்காம்."

யாரும் ஒரு வரிகூட மாற்றாமல் தளம் கெட்டது. என் லேப்டாப்பில் குரோமில் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

சரி, ஏன் இப்படி ஆகிறது? ஹாக் என்பது இரண்டு தனித்தனி விஷயங்களை ஒரே கயிற்றில் கட்டுவது. ஒன்று, பிரவுசரின் குறை, அதாவது நமக்கு நிஜமாகத் தொல்லை தருவது. இன்னொன்று, அந்தப் பிரவுசரை அடையாளம் காட்டும் ஏதோ ஒரு கோளாறு அல்லது பழக்கம். இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. ஒன்று சரியாகி மற்றது அப்படியே நின்றால் நம் கதை முடிந்தது. ஐஇ6 (இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6) காலத்து ஸ்டார் ஹெச்டிஎம்எல் ஹாக் இதற்கு நல்ல உதாரணம்: விதிக்கு முன்னால் நட்சத்திரக்குறியும் ஹெச்டிஎம்எல் என்ற சொல்லும் போட்டால் ஐஇ6உம் அதற்கு முந்தைய ஐஇக்களும் மட்டும் அதைப் படிக்கும். 2006 அக்டோபரில் ஐஇ7 வந்தபோது அந்த ஸ்டார் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஹாஸ்லேஅவுட் தொல்லையோ (ஐஇயின் உள் அமைப்பால் பக்கத்தின் பெட்டிகள் ஏடாகூடமாக நிற்பது) ஐஇ7இலும் தொடர்ந்தது, 2009இல் ஐஇ8 வந்துதான் ஒழிந்தது. ஆக மருந்து தேவைப்பட்ட ஐஇ7க்கு மருந்து போய்ச் சேரவே இல்லை. இத்தனைக்கும் ஐஇ குழுவினர் 2005லேயே ஹாக்குகளை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு நேர்மாறாக, ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் படிப்பதும் நடக்கும். குரோம், சஃபாரிக்கு மட்டும் என்று வெப்கிட் (சஃபாரியின் எஞ்சின், குரோமும் அதிலிருந்து பிறந்ததுதான்) பெயர் தாங்கிய மின் டிவைஸ் பிக்சல் ரேஷியோ மீடியா குவெரியை, அதாவது திரையின் பிக்சல் அடர்த்தியைப் பார்க்கும் நிபந்தனையை, நிறையப் பேர் போட்டார்கள். 2018 பிற்பகுதியில் ஃபயர்ஃபாக்ஸ் 63உம் அதற்குத் தலையாட்ட ஆரம்பித்தது, ஏனென்றால் வெப்கிட்டை மட்டும் மனதில் வைத்து எழுதிய தளங்கள் அவ்வளவு பெருகிவிட்டன. மண்டபத் தளத்தின் மெனுவை இரண்டு பிக்சல் கீழே இறக்கியிருந்தது அந்த மாதிரி ஒரு வரிதான். ஐஇ8க்கென்று பின்சாய்வுக்கோடும் 9உம் போட்டு எழுதியதை ஐஇ9உம் எடுத்துக்கொண்டது தனிக்கதை.

ஹாக் வேண்டாம், அட் சப்போர்ட்ஸ் போட்டு "உனக்கு இது தெரியுமா" என்று பிரவுசரையே கேள் என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. எங்கள் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்து, அண்ணன் கையிலிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து அம்மாவுக்கு என்று இறங்கிய ஐபோன்கள் நிறைய. ஐபோன் 6 என்றால் ஐஓஎஸ் 12 தாண்டாது, ஐஓஎஸ் ஏறாவிட்டால் சஃபாரியும் ஏறாது, குரோம் இறக்கினாலும் உள்ளே ஓடுவது அதே வெப்கிட். அந்தப் போனிடம் கேப் (பெட்டிகளுக்கு இடையே இடைவெளி விடும் வரி) தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்கிறது. கிரிட்டுக்கு (கட்டங்களாக அடுக்கும் முறை) அது தெரியும், உண்மைதான். ஃபிளெக்ஸில் (வரிசையாக அடுக்கும் முறை) போட்டால் இடைவெளி வராது, அது சஃபாரி 14.1இல், 2021இல்தான் வந்தது. பட்டன்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்த இடத்தில் நான் எதையும் கேட்பதே இல்லை, மார்ஜின் போட்டுவிட்டுப் போய்விடுவேன், எல்லாப் போனுக்கும் பொருந்தும்.

எல்லா ஹாக்கும் மோசம் என்றும் சொல்ல மாட்டேன். வெப்கிட் லைன் கிளாம்ப் (எழுத்தை இத்தனை வரியோடு வெட்டும் வசதி) ஒரு காலத்தில் வெப்கிட் வீட்டு வழக்கம்தான், 2019இல் ஃபயர்ஃபாக்ஸ் 68உம் அதை ஏற்றது, இன்று எல்லா இடத்திலும் ஓடுகிறது. அதை நான் தொடுவதில்லை.

பால் சங்கப் பக்கத்தில் மோஸ் வரியை மட்டும் எடுத்தால் புது ஃபயர்ஃபாக்ஸ் சரியாகிவிடும், அப்டேட் செய்யாத பழைய ஃபயர்ஃபாக்ஸில் பட்டியல் திரையைத் தாண்டும். அதனால் சூமையும் சேர்த்தே தூக்கிவிட்டேன். எழுத்தை ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவை ஒட்டிய அளவு) அளவில் குறைத்து, செல் பேடிங்கை (கட்டத்தின் உள்ளிடைவெளி) சுருக்கி, எஸ்என்எஃப் நெடுவரிசையை ஃபேட்டுக்குக் கீழே இரண்டாம் வரியாக இறக்கினால் அடங்கிவிட்டது. ஒரு மாலை வேலை.

தவிர்க்கவே முடியாத ஹாக்குகளைத் தனிக் கோப்பில் போட்டு, எந்தப் பிரவுசர், எந்தப் பதிப்பு, என்ன குறை என்று பக்கத்தில் கமென்ட் எழுதி வைக்கிறேன். பழைய கோப்புகளை ஈஎஸ்பில்டில் (கோப்புகளைத் தொகுக்கும் கருவி) ஓட்டினால், பண்பின் பெயருக்கு முன் ஸ்டார் போட்ட வரிகளுக்கெல்லாம் அதுவே எச்சரிக்கை காட்டிவிடும், தேடும் வேலை மிச்சம். இதற்கெல்லாம் தனியாகக் காசு கேட்டால் எந்த வாடிக்கையாளரும் தர மாட்டார், "ஓடிட்டுத்தானே இருக்கு" என்பார். அதனால் வருடா வருடம் டொமைன் புதுப்பிக்கும் பில்லிலேயே பராமரிப்பு என்று ஒரு தொகையைச் சேர்த்துவிடுகிறேன். அதைப் பற்றி இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.