9% நிக்கல் ஸ்டீல் பிளேட்: மைனஸ் 196-லயும் அசராத மெட்டீரியல்

எல்என்ஜி (குளிர வச்சு திரவமாக்குன இயற்கை எரிவாயு) டேங்குக்கு ஏஎஸ்டிஎம் ஏ553 டைப் 1-ங்கற ஸ்டாண்டர்டுல வர்ற 9% நிக்கல் ஸ்டீல் பிளேட் யூஸ் பண்றோம், குவென்ச் அண்ட் டெம்பர் (சூடாக்கி சட்டுனு குளிர வச்சு, திரும்ப மிதமா சூடாக்குறது) பண்ணது, மனசார சொல்றேன் செம மெட்டீரியல். எல்என்ஜி மைனஸ் 162 டிகிரிதான், ஆனா சார்பி டெஸ்ட்டுக்கு (சின்ன பீஸ சுத்தியலால அடிச்சு எவ்ளோ தாங்குதுன்னு பாக்கறது) லிக்விட் நைட்ரஜன்ல முக்கி மைனஸ் 196-ல அடிப்பாங்க, சாதா கார்பன் ஸ்டீல் அந்த குளிர்ல கண்ணாடி மாதிரி ரெண்டா போயிரும், உடைஞ்ச முகம் மினுமினுன்னு தெரியும். இதுல ஓரம் பிதுங்கி, முகம் மங்கலா நார் நாரா இருக்கும், சில பீஸ் முழுசா உடையவே உடையாது!

நிக்கல் மட்டும் காரணம் இல்லங்க, ஹீட் ட்ரீட்மென்ட்தான் பாதி வேலை. டெம்பர் பண்றப்ப கொஞ்சம் ஆஸ்டெனைட் (குளிர்லயும் நொறுங்காத ஸ்டீல் அமைப்பு) திரும்ப உருவாகி, கார்பனையும் நிக்கலையும் இழுத்து வச்சுக்கிட்டு குளிர்லயும் நிலையா நிக்கும், டெம்பரிங் ஹீட் கூடிப்போச்சுன்னா அதே ஆஸ்டெனைட் குளிர்ல மார்டென்சைட்டா (கெட்டியான, நொறுங்கற அமைப்பு) மாறி டஃப்னஸ் (அடிய தாங்குற தன்மை) அடிபடும். அதனால மில் சர்ட்டிஃபிகேட்ல (ஸ்டீல் ஆலை தர்ற சான்றிதழ்) டெம்பரிங் டெம்பரேச்சர கண்டிப்பா பாருங்க.

ஈல்ட் (நிரந்தரமா வளைய ஆரம்பிக்கற ஸ்ட்ரென்த்) மினிமம் 585 எம்பிஏ (மெகாபாஸ்கல்), 304 ஸ்டெயின்லெஸ்ல 205தான். குளிர குளிர ஸ்ட்ரென்த் இன்னும் ஏறும்.

தலைவலி வெல்டிங்லதான். பிளேட் ஈஸியா காந்தம் புடிச்சுக்கும், மேக்னெட் கிரேன்ல தூக்கிட்டா ஆர்க் (வெல்டிங் தீப்பொறி) ஒரு பக்கமா இழுத்து ஓடும், டீமேக்னடைஸ் பண்ணாம வெல்டர் கைல குடுக்காதீங்க. நிக்கல் பேஸ் எலக்ட்ரோடு (வெல்டிங் ராடு) வேற காஸ்ட்லி, அந்த வெல்டோட ஸ்ட்ரென்த் பிளேட்ட விட கம்மி, டிசைன் அத வச்சுதான் போகும். மைனஸ் 100 வரைக்கும்தான் வேலைன்னா 3.5% நிக்கலே போதும்.