மால்தீனியா, கன்னவாரோவா?

இத்தாலியக் கால்பந்தின் தடுப்பாட்டம் என்றாலே, இந்த இருவரில் யார் சிறந்தவர் என்ற சண்டை வந்துவிடும். பாவ்லோ மால்தீனி 1985 முதல் 2009 வரை ஏசி மிலானைத் தவிர வேறு கிளப்புக்கு ஆடவில்லை. 902 ஆட்டங்கள், ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் (முன்பு ஐரோப்பியக் கோப்பை) 5 முறை. ஆனால் இத்தாலி அணியோடு ஒரு கோப்பையும் இல்லை. 1994 உலகக் கோப்பை இறுதியில் பெனால்டியில் தோல்வி. ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ 2000 இறுதியில் கோல்டன் கோலில் (கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடியும்) தோல்வி. 2002-இல் இத்தாலி அணியிலிருந்து விலகினார். நான்கே வருடத்தில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றது, என்ன சொல்ல!

அதைத் தூக்கிய கேப்டன் ஃபேபியோ கன்னவாரோ. பெர்லின் இறுதியாட்டம் அவருடைய 100-ஆவது சர்வதேச ஆட்டம். அதே வருடம் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருதும் கிடைத்தது. கிளப்தான் மாறிக்கொண்டே இருந்தார், சாம்பியன்ஸ் லீக் கைக்கு வரவில்லை. உயரம் குறைவு, ஆனால் தாவினால் அது தெரியாது.

சரி, எனக்கு யார்? மால்தீனிதான். வலது கால்காரர், இடது ஓரத்தை அத்தனை வருடம் காத்தாரே!