ஹவானாவா, சான் ஹுவானா?

ஹவானா கியூபாவின் தலைநகர். சான் ஹுவான், இன்று அமெரிக்க ஆட்சியிலுள்ள கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர். இரண்டுமே ஸ்பெயின் கட்டிய துறைமுகங்கள். இரண்டிலும் எல் மோரோ என்றொரு கோட்டை உண்டு. இரண்டையும் ஸ்பெயின் இழந்தது 1898-இல். அதுவரை செல்வத்தைப் பார்த்தால் போட்டியே இல்லை, ஹவானாதான்.

காரணம் வெள்ளி. மெக்ஸிகோ, பெரு வெள்ளியை ஏற்றிய கப்பல்கள் கடற்கொள்ளையருக்குப் பயந்து 1560களிலிருந்து ஹவானாவில் கூடி, ஒன்றாகத்தான் ஸ்பெயினுக்குக் கிளம்பின. கூட்டம் சேரும்வரை மாலுமிகள் காத்துக் கிடப்பார்கள். அவர்களுக்குச் சாப்பாடு, குடிதண்ணீர், படுக்க இடம் என்று விற்றும், கப்பல்களைப் பழுதுபார்த்தும் ஊர் கொழுத்தது. சான் ஹுவான் வெறும் காவல் ஊர். மெக்ஸிகோ கஜானாவிலிருந்து பணம் வந்தால்தான் சிப்பாய்க்குச் சம்பளம். ஹவானாவுக்கும் அந்தப் பணம் வந்தது, தாராளமாகவே வந்தது. ஆனால் அதை மட்டும் நம்பி அது இருக்கவில்லை.

சண்டை என்று வந்தால் சான் ஹுவானுக்கே மதிப்பெண். 1595-இல் ஆங்கிலக் கடலோடி டிரேக்கையும் 1797-இல் பிரிட்டிஷ் படையையும் திருப்பி அனுப்பியது. 1598-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயரை விரட்டியது என்னவோ வயிற்றுப்போக்குதான்! ஹவானா 1762-இல் பிரிட்டிஷாரிடம் விழுந்தது. மறு ஆண்டு புளோரிடாவைக் கொடுத்துத்தான் ஸ்பெயின் அதை மீட்டது. பிறகு சர்க்கரைக் காலம். 1837-இலேயே ஹவானாவிலிருந்து ரயில் ஓடியது, ஸ்பெயினில் ஓடுவதற்குப் பதினோரு ஆண்டு முன்பே. அந்தப் பணமெல்லாம் அடிமைகளின் உழைப்பு. கியூபாவில் அடிமைமுறை ஒழிந்தது 1886-இல்தான்.

1959 புரட்சிக்குப் பின் ஹவானாவுக்குப் போய்க்கொண்டிருந்த அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகளில் பலர் சான் ஹுவான் பக்கம் திரும்பினார்கள். அமெரிக்க வரிச்சலுகையை நம்பி மருந்துத் தொழிற்சாலைகளும் போர்ட்டோ ரிக்கோவுக்கு வந்தன. ஆனால் பிறர் தயவில் வாழ்வதில் இரண்டும் ஒன்றுதான். சோவியத் உதவி 1991-இல் நின்றதும் ஹவானா இருளில் கிடந்தது. வரிச்சலுகை 2006-இல் முழுதாக முடிந்ததும் போர்ட்டோ ரிக்கோ சரிந்து, 7,000 கோடி டாலருக்கு மேல் கடனோடு 2017-இல் திவால் நீதிமன்றம் ஏறியது. அதே ஆண்டு மரியா புயல் வேறு.

கப்பல் விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 1920-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, ஓர் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து சான் ஹுவானுக்குச் சரக்கு வரவேண்டுமானால், அமெரிக்காவில் கட்டிய, அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் வரவேண்டும். வாடகை எகிறும். ஹவானாவின் சிக்கல் நேர் எதிர்: 1992 அமெரிக்கச் சட்டப்படி, வணிகத்துக்காகக் கியூபா போன கப்பல் 180 நாள் அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது. போதாததற்கு விரிகுடா வாயிலின் அடியில் 1958-இல் கட்டிய சுரங்கப்பாதை இருப்பதால், ஆழம் கேட்கும் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் உள்ளே வரமுடியாது. சரக்கு வேலை மேற்கே மரியேல் துறைமுகத்துக்குப் போய்விட்டது.

பிழைக்க எது தேவலை என்று கேட்டால் சான் ஹுவான் என்றுதான் சொல்வேன். 1917 முதல் அமெரிக்கக் குடியுரிமை. வேலை இல்லையென்றால் விசா கேட்காமல் விமானம் ஏறலாம். ஹவானாக்காரருக்கு அந்தக் கதவு இல்லை. அதற்காக ஊரே மகிழ்ச்சியாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். 2012-இல் கொண்டுவந்த சட்டம், புதிதாக வந்து குடியேறும் பணக்காரரின் முதலீட்டு வருமானத்துக்குப் பெரிய வரிவிலக்கு தருகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்து வரி கட்டுபவருக்கு அது கிடையாது. வீட்டு வாடகை ஏறும்போதெல்லாம் உள்ளூர்க்காரர்கள் முதலில் திட்டுவது அந்தச் சட்டத்தைத்தான்.